அழுகைக் கோச்சி வந்த வழியே

நாள் 1: கோத்தகிரி – துறையூர்

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எத்தனை வயது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. ஆதார் அட்டையில் 01.01.1936 என்று இருப்பதால் 89 என்பது ஒரு கட்சி. பெரிய மாமா 93 என்பார். அம்மாவோ, "கடைசி வரைக்கும் முறுக்கைக் கடிச்சுத் தின்ன மனுசிக்கு எண்பத்தஞ்சுக்கு மேல இருக்காது" என்று சாதிப்பார். கடந்த ஜனவரியில் அம்மாயி போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற பையன் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, வயசு மட்டும் சொல்லிடுங்க, மெஷின் ஓடிட்டிருக்கு" என்றான். கூடியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்கள். ஆதார் ஜெயித்தது. 89 என்று அச்சடித்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினோம்.

மாமாவின் கையில் இருந்தது ஒரே ஒரு சாட்சி. "வெள்ளைக்காரன் கொடிய இறக்குன வருசம் எனக்குக் கல்யாணம், அப்பப் பதினாறு" என்று அம்மாயி எப்போதோ சொன்னது. அம்மாயி பிறந்து வளர்ந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பிப்ரவரியில். அந்தக் கணக்குப்படி அவர் பிறந்தது 1932. "பதினாறுன்னு எல்லாக் கெழவியும்தான் சொல்லும்" என்று அம்மா அதைத் தள்ளிவிட்டார்.

அம்மாயியின் தங்கை இன்னும் இருக்கிறார். ஹட்டனுக்கு அந்தப் பக்கம், டிக்கோயா வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மாயி 1971ல் இந்தியா வந்தபோது இரண்டு பேரும் பிரிந்தவர்கள். அப்புறம் பார்த்துக்கொண்டதெல்லாம் கடைசி ஐந்தாறு வருடம் வீடியோ காலில்தான். முதல் தடவை முகம் தெரிந்தபோது இரண்டு கிழவிகளும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அம்மாயி கேட்ட முதல் கேள்வி: "அங்க இப்பக் கொழுந்து எப்படி?"

அந்தச் சின்ன அம்மாயியைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம். மாமா விடவில்லை. "அவ வந்த வழியே போ. நாங்கதான் திரும்பிப் பாக்கல" என்றார். சரி என்று ஒன்பது நாள் லீவு போட்டேன்.

வந்த வழியே என்றால் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோத்தகிரிக்கு வருமுன் அவர்கள் இருந்தது துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவின் அப்பா சின்னப் பையனாக இலங்கைக்குப் போனது அங்கிருந்துதான். தோட்டத்தில் இருந்தவரை அதைத்தான் 'ஊர்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவும் அம்மாயியும் ஒரு முறைகூடப் பார்த்திராத ஊர்.

அங்கே பதினான்கு மாதம் இருந்தார்கள். வந்தவர்கள் நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று பங்காளிகளுக்குப் பயம். மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார்கள். அரசாங்கம் கொடுத்த வியாபாரக் கடனில் தாத்தா மளிகைக்கடை வைத்தார். கடன் சொல்லி வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்கத் தெரியாமல் ஏழு மாதத்தில் அதை மூடினார். இதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும். அம்மாயி அந்த ஊரைப் பற்றி இரண்டே விஷயம்தான் சொல்வார். ஒன்று, வெயில். இன்னொன்று, "மேடே இல்லாத ஊர்ல எந்தப் பக்கம் போறோம்னு எப்படித் தெரியும்?" மலையில் பிறந்தவருக்கு வடக்கு, தெற்கு கிடையாது. மேலே, கீழே என்ற இரண்டு திசைகள்தான்.

இன்று மத்தியானம் அந்த ஊரில் இறங்கி டீக்கடையில் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. சிலோனிலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தார்கள் என்றதும், "அட, சிலோன்காரங்க கொட்டாயா?" என்று ஒருவர் எழுந்து கூட்டிப்போய்க் காட்டினார். கொட்டாய் இல்லை, சீமைக் கருவேலம்தான் இருந்தது. இவர்கள் கிளம்பிப் போய் ஐம்பத்து மூன்று வருடம் ஆகியும் அந்த இடத்துக்கு அதுதான் பெயர். பங்கு கொடுக்காத ஊர் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறது. அம்மாயி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நாள் 2: திருச்சி – மண்டபம்

காலையில் திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் ரயில். புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று போகப்போக மண் வெளுத்துக்கொண்டே வந்தது. 1971ல் எங்கள் ஆட்கள் இதே தடத்தில் எதிர்த்திசையில் வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இங்க ஏம்மா புல்லே இல்ல?" என்று கேட்டாராம். அம்மாயி பதில் சொல்லாமல் தலையில் ஒரு குட்டு வைத்தாராம்.

முதலில் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் வரை போனேன். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலம். பக்கத்திலேயே 1914ல் கட்டிய பழைய பாலம் துருப்பிடித்து நிற்கிறது. அம்மாயி குடும்பம் வந்தது பழையதில். அம்மாவுக்கு அதில் சத்தம் மட்டும்தான் நினைவிருக்கிறது. கடல் தெரியாமல் இருக்க அம்மாயி முந்தானையால் கண்ணைப் பொத்திவிட்டாராம். பிள்ளையின் கண்ணையா தன் கண்ணையா என்று கேட்டால், "ரெண்டையும்தான்" என்கிறார் அம்மா.

சாயங்காலம் பஸ்ஸில் மண்டபம் திரும்பினேன். கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்தது மண்டபம் முகாமில். இந்த முகாமே தலைகீழாகப் பிறந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற ஆட்களை நோய் இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் தனியாக வைத்திருந்து அனுப்பிய இடம் அது. போகிறவர்களுக்காகக் கட்டிய கொட்டடியில் பிறகு திரும்பி வந்தவர்கள் படுத்தார்கள். 1983க்குப் பின்னால் போருக்குத் தப்பி வந்த ஈழத்து அகதிகள். இப்போதும் குடும்பங்கள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரைத் தேடுறீங்க அக்கா?" என்றாள். எங்க பாட்டி இங்கே இருந்தாங்க என்றேன். "எந்த லைன்?" என்றாள். அது தெரியவில்லை.

அம்மாயி இங்கே இருந்தது பதினோரு நாள். குடும்ப அட்டை கொடுத்தது இங்கேதான் என்பார் மாமா. அந்த அட்டை இன்னும் அவரிடம் இருக்கிறது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து. அம்மாயியின் வயது அதில் 35 என்று நீல மையில் எழுதியிருக்கும். ஆதாருக்கு மூலம் அதுதான்.

நாள் 3: தனுஷ்கோடி

அம்மாயி தனுஷ்கோடியில் இறங்கவில்லை. இறங்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இதை நான் இன்றுதான் சரியாக யோசித்தேன். சிரிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டது 1964 அக்டோபர் 30. இலங்கைத் தோட்டங்களில் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போன தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்ப்போம் என்று பேசி முடித்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. ஐந்து லட்சம் பேரை வரச்சொல்லிவிட்டு வாசலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால் தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதுவும் எண்பதுகளில் போர் வந்ததும் நின்றது.

இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஏகக் கூட்டம். பாசிமணி, சங்கு, செல்ஃபி. அரிச்சல்முனை வரை இப்போது தார் ரோடு. ரோடு முடிகிற வட்டத்தில் நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர், நேர் எதிரே சுமார் முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். கண்ணுக்குத் தெரியவில்லை. என் போனில் மட்டும் இலங்கை நெட்வொர்க் வந்து 'வரவேற்கிறோம்' என்று மெசேஜ் தந்தது. அதற்குக் காசு பிடிக்குமோ என்று அவசரமாக ஏரோபிளேன் மோடில் போட்டேன். மனிதர்கள் பாஸ்போர்ட்டுக்கு நாலு வருடம் காத்திருந்த கடலை டவர் சும்மா தாண்டுகிறது.

ஆடி மாசக் காற்று. மணல் கண்ணுக்குள் போய், அழுததுபோல ஆகிவிட்டது. அழவில்லை.

நாள் 4: மதுரை – கொழும்பு

எழுத ஒன்றுமில்லை. மதுரையிலிருந்து ஒரு மணி நேரம். சாண்ட்விச் கொடுத்து, அதை எடுத்துப் போவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அறை. ராத்திரி கடைக்குப் போய், யோசிக்காமல் "ஒரு பாண்" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது சாதாரணம். எனக்கு அப்படியில்லை. பாண் (பிரெட்), கோச்சி (ரயில்), றாத்தல் (பவுண்டு எடை) என்று அம்மாயி கடைசி வரை விடாத சொற்கள். கோத்தகிரியில் எங்கள் தெருவைத் தவிர எல்லோரும் அதற்குச் சிரிப்பார்கள். சின்ன வயதில் அவரைக் கடைக்குக் கூட்டிப்போக எனக்கு வெட்கம். "ரொட்டின்னு சொல்லு அம்மாயி" என்று கையைக் கிள்ளுவேன். "ரொட்டின்னா அது வேற" என்பார். வேறுதான். அவருக்கு ரொட்டி என்பது கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டி, கல்லில் சுட்டு, சம்பலோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போவது. இங்கே பக்கத்து மேசையில் ஒருவர் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாள் 5: தலைமன்னார்

காலையில் ஏறி, நாள் முழுக்கக் கோச்சி. பொல்கஹவெல, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி. மதவாச்சிக்கு அப்புறம் காடும் வெளியும்தான். மதவாச்சி–தலைமன்னார் தடமும் 1914ல் போட்டது. பாம்பன் பாலமும் அதே வருடம். இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் தைத்திருக்கிறார்கள். 1990ல் போரில் இந்தத் தடம் போனது. எல்லாக் கஷ்டத்தையும் தாண்டி, திரும்ப 2015ல்தான் தலைமன்னார்த் துறை வரை ரயில் வந்தது.

இந்த ரயிலுக்கு மலைநாட்டில் ஒரு பெயர் இருந்தது: அழுகைக் கோச்சி. பதுளையிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் 'இந்தியா போகிற' ஆட்களை ஏற்றி வருகிற வண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மேடை முழுக்க ஆட்கள் நின்று கதறுவார்கள். ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இங்கே குடியுரிமை என்று விகிதம் வைத்திருந்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இரண்டு காம்பரா (அறை) இந்தியா, மூன்றாவது காம்பரா சிலோன். அக்கா ஏழில் விழுந்தார், தங்கை நாலில். தங்கை என்ன, அவர் புருஷன் எழுதிப்போட்ட விண்ணப்பம்தான் அப்படி.

அம்மாயி இதைச் சொல்லும்போது அழுததில்லை. அவர் சொல்வதெல்லாம் பாத்திரம் பற்றித்தான். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்கிற நேரத்தில் தங்கை ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாராம். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும். அம்மாயி, "வாளி யாரு திருப்பிக் குடுக்கிறது?" என்று கத்தினாராம். அக்கா தங்கைக்குள் கடைசியாகப் பேசியது அது. அந்த வாளி கோத்தகிரியில் ஐம்பது வருடம் பால் வாங்கியது. அடி ஓட்டையாகி இரண்டு தடவை ஈயம் பூசினோம். இப்போது என் பையில் இருக்கிறது. மதுரை விமான நிலையத்தில் ஸ்கேன் செய்தவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

பழைய துறையின் தூண்கள் கடலுக்குள் நடந்து போகிற மாதிரி நிற்கின்றன. கலங்கரை விளக்கம் வெள்ளையாக அப்படியே இருக்கிறது. இங்கேதான் பெட்டிகளைத் திறந்து கொட்டினார்களாம். யாரோ ஒருவர் அம்மாவின் கண்ணாடி வளையலை எண்ணிப் பார்த்தார் என்பது மட்டும் அம்மாவின் நினைவில். பிறகு 'ராமானுஜம்' கப்பல். மூன்று மணி நேரமோ நாலோ. அம்மாயி அதில் முழு நேரமும் வாந்தி.

அவருக்கும் முன்னால், ரயிலே இல்லாத காலத்தில், அவருடைய பாட்டி இந்தக் கரையில் தோணியில் வந்து இறங்கி, இங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் நடந்தவர். காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே ஆட்கள் நடந்த பாதை அது. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையகத் தமிழர் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023ல் இதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நூற்றுக்கணக்கானோர் நடந்தார்கள். அதை யூடியூபில் மாமா அம்மாயிக்குக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செருப்புப் போட்டுட்டு நடக்குதுக, நல்லது" என்றார்.

மன்னாரில் தங்கல். தெருவில் கழுதைகள் சாவகாசமாகத் திரிகின்றன. ஒன்று என் பையை மோந்து பார்த்தது.

நாள் 6: பொல்கஹவெல

வந்த தடத்தில் பாதி திரும்பி, பொல்கஹவெலயில் இறங்கி ராத்தங்கல். மழை. கொசு. காலையில் கொழும்பிலிருந்து வரும் உடரட்ட மெனிக்கே ரயிலைப் பிடிக்க வேண்டும். தூங்குகிறேன்.

நாள் 7: ஹட்டன்

ரம்புக்கனை தாண்டியதும் கோச்சி மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடுகண்ணாவ, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. வட்டவளைப் பக்கம் தேயிலை வந்துவிட்டது, மழையோடு. முதல் தடவையாக இலங்கைத் தேயிலை மலையைப் பார்க்கிறேன், ஆனால் ஒன்றும் புதிதாக இல்லை. கோத்தகிரிச் சரிவுதான். கொஞ்சம் தாழ்வு, அதிக ஈரம். ஹட்டன் 1,270 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800ஐத் தொடும். "இந்தக் குளிரு எலும்புக்குள்ள போகுது, அங்க தோலோட நிக்கும்" என்று அம்மாயி சொன்னதற்கு ஐந்நூறு மீட்டர்தான் காரணம் போல.

துறையூரிலிருந்து அவர்கள் கோத்தகிரிக்கு வந்த கதையும் இங்கே வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை, கூப்பிட்டு அமர்த்திய குடும்பங்களுக்கு. வியாபாரக் கடன் வாங்கியவர்களுக்கு அது இல்லை. யாரோ நீலகிரியிலும் தேயிலை இருக்கிறது என்று சொன்னதும் அம்மாயி தாத்தாவைக் கேட்காமல் மூட்டை கட்டிவிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறி, முதல் தேயிலைச் செடி தெரிந்ததும், பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார் என்று மாமா சத்தியம் செய்கிறார். அப்புறம் முப்பது வருடம் படகர் வீட்டுத் தோட்டங்களில் நாள்கூலிக்குக் கொழுந்து. எந்த முதலாளியும் அவர் பறித்த கொழுந்தில் முற்றல் இலையைக் கண்டதில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு, அதற்குக் கீழே கை போகாது. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஒரு கட்டு காகிதம் தேவைப்படும். அவரிடம் இருந்தது மண்டபத்து அட்டை ஒன்றுதான்.

ஸ்டேஷனில் சின்ன அம்மாயியின் பேரன் த்ரீவீலரோடு நின்றான். டிக்கோயா தாண்டிப் பிரதான ரோட்டை விட்டு மேலே ஏறியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே வெள்ளித் தகடாகத் தெரிந்தது. தோட்டத்தின் பெயர்ப் பலகையில் ஒரு ஸ்காட்லாந்துப் பெயர். தம்பி அதைச் சொல்லவே இல்லை. ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு, அதைத்தான் சொன்னான். இரண்டு பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

லயம் அப்படியே இருக்கிறது. நீளக் கட்டடம், தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள், 10க்கு 12 அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு (தாழ்வாரம்). சில காம்பராவில் டிஷ் ஆன்டெனா. அம்மாயி பிறந்தது கடைசியிலிருந்து மூன்றாவது என்றார்கள். இப்போது அங்கே வேறொரு குடும்பம். கதவைத் தட்டிச் சொன்னதும், வாங்க என்று உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்தார்கள். இரண்டு எட்டில் முடிந்துவிடுகிற அறை. ஏழு பேர் இதில் படுத்திருக்கிறார்கள். கோத்தகிரி வீட்டில் அம்மாயி ஹாலில் படுக்காமல், சுவரோரமாக ஒருக்களித்து, கையைக் காலை நீட்டாமல் தூங்குவார். "நீட்டிப் படு அம்மாயி, இடம் இருக்குல்ல" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

சின்ன அம்மாயி அடுத்த லயத்தில். இஸ்தோப்பில் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாயியின் மூக்கு அப்படியே. நான் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து தூக்குவாளியை வைத்தேன். எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடியில் ஈயம் பூசின இடத்தை விரலால் தடவினார்.

"மூடி எங்க?"

மூடி எனக்குத் தெரிந்து இருந்ததே இல்லை. சொன்னேன்.

"அப்பவே சொன்னேன், அவ பொருளைக் காப்பாத்த மாட்டான்னு" என்றார். அப்புறம் சாக்கை முகம் வரை இழுத்துக்கொண்டார். பேரன் என்னைப் பார்த்துத் தலையாட்டி, கொஞ்சம் நடந்துட்டு வரலாம் அக்கா என்று கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது வாளியில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

நாள் 8: தோட்டத்தில்

காலை ஆறரைக்கே ஆட்கள் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போய்விட்டார்கள். முன்பெல்லாம் தப்படித்து எழுப்புவார்கள், இப்போது ஆளுக்கு ஆள் போனில் அலாரம். மழை விட்டிருந்தது. மேகம் விலகிய ஐந்து நிமிடத்தில் சிவனொளிபாத மலை தெரிந்தது. "அங்க பாரு" என்று சின்ன அம்மாயி கை காட்டுவதற்குள் மூடிவிட்டது.

வாளிக் கதைக்கப்புறம் அவர் சகஜமாகிவிட்டார். அக்காவைப் பற்றி நான் கேட்டிராத கதைகள். பத்து வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்று, உயரம் தெரிய அம்மாயி குதிகாலைத் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை முன்னால் நின்றது. அப்படியும் அரைப்பேர்தான் (அரைக்கூலி) போட்டார்களாம். காமன் கூத்து ராத்திரியில் ரதியாக ஆடியவனைப் பொம்பளை என்றே நினைத்து அம்மாயி சண்டைக்குப் போனது. அட்டைக்கடிக்குச் சோப்பைக் குழைத்துக் காலில் தடவச் சொல்லிக் கொடுத்தது. அம்மாயியின் மூத்த பிள்ளைகள் இரண்டும் பிள்ளைக்காம்பராவில் (வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் இடம்) வந்த காய்ச்சலில் இறந்துபோனது. அம்மாயி இந்த இரண்டு பிள்ளைகளையும் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். போனில் கேட்கிற விஷயமில்லை.

பேச்சை மாற்ற, போனை எடுத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் காட்டினேன். அக்கா படத்தை நெடுநேரம் பார்த்தார். பட்டுச்சேலை நல்லாருக்கு என்றார். அது போட்டோக்கடைக்காரன் கம்ப்யூட்டரில் கட்டிவிட்ட சேலை. நான் சொல்லவில்லை.

"கீழ என்ன போட்டிருக்கு?"

"வயது 89ன்னு."

சின்ன அம்மாயி சிரித்தார். வாயில் ஒரு பல்லும் இல்லை.

"நாலு வருசம் களவு அது. நான்தான் சொன்னேன். பாஸ்போட்டுக்கு எழுதுறப்போ கண்டிக்கு ஒண்ணா போனோம். அந்தப் பக்கம் வயசான ஆளுக்குப் பேர் போட மாட்டாங்களாம்னு பேசிக்கிட்டாங்க. நாலைக் கொறச்சு எழுதச் சொன்னேன். எழுதுறவருக்கு ஒரு கட்டு வெத்தல வாங்கிக் குடுத்தேன்."

93. மாமா ஜெயித்துவிட்டார். ஆறு மாதத்துக்கு இதைச் சொல்லிக்காட்டியே அம்மாவைக் கொன்றுவிடுவார்.

"அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"அவளுக்கு மூணு எளையவ."

90. ஆனால் பேரன் உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்துவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நீட்டினான். பிறந்த வருடம் 1931 என்று இருந்தது.

"எண்பத்தெட்டுல சட்டம் வந்து, எங்களுக்கும் பிரஜாவுரிமைன்னு எழுதிக்கிட்டுப் போக வந்தாங்க. எனக்கு அப்ப முழங்கால் வலி, மலையேற முடியல. சீக்கிரம் வேலைய விட்டு நின்னுக்கலாமேன்னு நாலைக் கூட்டிச் சொல்லிட்டேன்."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எண்ணுற? காயிதத்துல நான்தான் அக்கா" என்றார். "அவகிட்ட போன்ல சொன்னேனே. அதுலேர்ந்து என்னைய அக்கான்னுதான் கூப்பிட்டா, களவாணி."